சமன்பாட்டின் மூலத்தைக் கால்குலேட்டர் எப்படித் தேடுகிறது?

30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் உள்ள ஒரு அட்டை. நான்கு மூலையிலும் ஒரே அளவுள்ள சதுரத்தை வெட்டி எடுத்துவிட்டு, பக்கங்களை மேலே மடித்தால் மூடியில்லாத பெட்டி கிடைக்கும். அந்தப் பெட்டி சரியாக 1000 கன செ.மீ., அதாவது ஒரு லிட்டர் கொள்ள வேண்டும். மூலையில் எவ்வளவு வெட்டுவது?

வெட்டும் சதுரத்தின் பக்கத்தை ய என்று வைத்துக்கொள்வோம். நீளத்தில் இரண்டு முனையிலும் ய குறையும், அகலத்திலும் அப்படியே. மடித்தபின் பெட்டியின் உயரம் ய. ஆகவே,

ய(30 − 2ய)(20 − 2ய) = 1000

பெருக்கி, எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து, 4-ஆல் வகுத்தால்:

ய³ − 25ய² + 150ய − 250 = 0

இடதுபக்கத்தைப் பூஜ்யமாக்கும் ய-தான் இந்தச் சமன்பாட்டின் மூலம். இருபடிச் சமன்பாடாக இருந்தால் பள்ளியில் படித்த சூத்திரம் போதும். முப்படிக்கும் சூத்திரம் உண்டு. ஜெரோலாமோ கார்டானோ அதை 1545-இல் அச்சில் வெளியிட்டார். ஆனால் மூன்று மூலங்களும் வெவ்வேறு மெய்யெண்களாக இருந்தால், அந்தச் சூத்திரம் கலப்பெண்கள் (−1-இன் வர்க்கமூலம் கலந்த எண்கள்) வழியாகச் சுற்றிக்கொண்டுதான் விடைக்கு வரும். ஐந்தாம் படிக்குப் போனால் அந்த வழியும் அடைபட்டுவிடும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், படிமூலம் ஆகியவற்றை மட்டும் வைத்து எல்லா ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்கும் பொருந்தும் ஒரு சூத்திரம் எழுதவே முடியாது என்று நீல்ஸ் ஏபெல் 1824-இல் நிறுவினார். ‘ய = கொசைன் ய’ மாதிரி பார்ப்பதற்குச் சாதுவான சமன்பாட்டுக்குக்கூட அப்படி ஒரு சூத்திரம் கிடையாது.

சூத்திரம் இல்லையென்றால் தேட வேண்டியதுதான். நிரல் எழுதக்கூடிய கால்குலேட்டர் இந்தத் தேடலுக்கு அருமையான கருவி. அதற்கு நாம் விடையைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு எண்ணைக் கொடுத்தால் அது விடையா இல்லையா, இல்லையென்றால் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று சரிபார்க்கும் வழியைச் சொன்னால் போதும்.

முதலில் சார்பை உள்ளே வையுங்கள்

இடதுபக்கக் கோவையை ச(ய) என்ற சார்பு என்று அழைப்போம். கால்குலேட்டருக்குள் முதலில் போக வேண்டியது இதுதான்: ய-க்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால் ச(ய)-ஐக் கணக்கிட்டுத் தரும் சிறு நிரல். இதைத் தனித் துணைநிரலாக எழுதி வைத்துக்கொண்டால், நாளை வேறு சமன்பாடு வரும்போது இந்த ஒரு துண்டை மட்டும் மாற்றினால் போதும். தேடும் பகுதியைத் தொடவே வேண்டாம்.

எழுதும்போது ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ய³, 25ய² என்று தனித்தனியாகப் படி ஏற்றாமல், இப்படி மடக்கி எழுதுங்கள்:

((ய − 25)ய + 150)ய − 250

அதே கோவைதான். ஆனால் படியேற்றும் பொத்தானே தேவையில்லை. இரண்டு பெருக்கலும் மூன்று கூட்டல் கழித்தலும் போதும். இதை ஹார்னர் முறை என்பார்கள். ஹார்னர் இதை 1819-இல் எழுதினார் என்றாலும், சீனக் கணிதர் சின் ஜியுஷாவ் 1247-லேயே இதே வழியைக் கையாண்டிருக்கிறார். 1975-இல் வந்த எச்பி-25 கால்குலேட்டரில் மொத்தமே 49 நிரல்படிகள்தான். அப்படிப்பட்ட கருவியில் நாலு படி மிச்சமாவதே பெரிய விஷயம். இன்று இடத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆனாலும் இந்த வடிவம் வேகமானது, தட்டும்போது தவறுக்கும் இடம் குறைவு.

நிரலை எழுதியதும் தேடலுக்குத் தாவிவிடாதீர்கள். விடை உங்களுக்கே தெரிந்த ஒரு எண்ணைப் போட்டுப் பாருங்கள். ய = 0 என்றால் −250 வர வேண்டும். ய = 10 என்றால் 1000 − 2500 + 1500 − 250, அதுவும் −250. இரண்டும் சரியாக வந்தால் நிரலை நம்பலாம். தேடல் தவறாகப் போகும்போது பெரும்பாலும் குற்றம் தேடும் முறையில் இருக்காது. சார்பைத் தட்டும்போது ஒரு குறி மாறிப்போயிருக்கும்.

அப்புறம், அட்டவணை. ய-க்கு 0, 2, 4 என்று கொடுத்துக்கொண்டே போய் ச(ய)-இன் மதிப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

0 → −250
2 → −42
4 → 14
6 → −34
8 → −138
10 → −250
12 → −322
14 → −306
16 → −154
18 → 182

இந்தப் பத்து வரிகளை நிதானமாகப் பாருங்கள். 2-இல் குறை எண், 4-இல் மிகை எண். ச(ய)-ஐ வரைந்தால் வரும் கோடு கீழிருந்து மேலே போயிருக்கிறது, நடுவில் எங்கும் அறுபடவில்லை. அப்படியென்றால் 2-க்கும் 4-க்கும் இடையில் எங்கோ பூஜ்யத்தைக் கடந்தே ஆக வேண்டும். 4-க்கும் 6-க்கும் இடையில் ஒன்று, 16-க்கும் 18-க்கும் இடையில் இன்னொன்று. மொத்தம் மூன்று. முப்படிச் சமன்பாட்டுக்கு மூன்றுக்கு மேல் மூலங்கள் இருக்காது. ஆக எதுவும் விட்டுப்போகவில்லை. இத்தனையும் எந்த முறையையும் தொடாமலே கிடைத்துவிட்டது. என்னைக் கேட்டால், மூலம் தேடும் வேலையில் பாதி இந்த அட்டவணைதான். இதைப் போடாமல் நேராகத் தேடல் பொத்தானை அழுத்துகிறவர்களுக்கு, கிடைத்த விடை எத்தனை விடைகளில் ஒன்று என்பதே தெரியாமல் போய்விடுகிறது.

பாதி பாதியாக வெட்டுவது

2-க்கும் 4-க்கும் இடையில் இருப்பதைப் பிடிப்போம். நடுவில் இருப்பது 3. ச(3) = 2, மிகை. ஆகவே மூலம் 3-க்குக் கீழே. இப்போது 2-க்கும் 3-க்கும் நடு, 2.5. ச(2.5) = −15.625, குறை. மூலம் 2.5-க்கு மேலே. அடுத்து 2.75, குறை. 2.875, குறை. 2.9375, மிகை. ஐந்தே தடவையில் மூலம் 2.875-க்கும் 2.9375-க்கும் இடையில் மாட்டிக்கொண்டது. இதுதான் இருசமக் கூறிடும் முறை. நிரலாக எழுதினால் இவ்வளவுதான்:

அ-இல் கீழ் எல்லை, ஆ-இல் மேல் எல்லை
ந = (அ + ஆ) ÷ 2
ச(அ) × ச(ந) குறை எண்ணாகவோ பூஜ்யமாகவோ இருந்தால் ஆ = ந
இல்லையென்றால் அ = ந
ஆ − அ இன்னும் பெரிதாக இருந்தால் இரண்டாம் வரிக்குப் போ
ந-ஐக் காட்டு

மூன்றாம் வரியில்தான் மொத்த சூட்சுமமும் இருக்கிறது. இரண்டு மதிப்புகளுக்கும் குறி வேறுவேறு என்றால் பெருக்கல் குறை எண்ணாக வரும். அப்படியென்றால் மூலம் அந்த இரண்டுக்கும் நடுவே. பூஜ்யம் வந்தால் இரண்டில் ஒன்றே மூலம்.

இந்த முறை மெதுவானதுதான். ஒரு தசம இடம் கூடுதலாக வேண்டுமென்றால் மூன்று அல்லது நான்கு தடவை வெட்ட வேண்டும். 2 அகலமுள்ள இடைவெளியில் தொடங்கி, பத்துத் தசம இடங்கள் வரை போக 35 தடவை. ஆனால் ஆரம்பத்தில் குறிமாற்றம் இருந்து, கோடும் அறுபடாமல் இருந்தால், இது வழிதவறவே தவறாது. எந்த நேரத்தில் நிறுத்தினாலும் விடை எந்த இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கிறது என்பது கையில் இருக்கும். அடுத்துப் பார்க்கப்போகும் வேகமான முறைகள் தானாக இந்த உறுதியைத் தருவதில்லை.

எப்போது நிறுத்துவது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘ச(ந) பூஜ்யமாகும்வரை ஓடு’ என்று எழுதினால் நிரல் நிற்காமலே போகலாம். நமது மூலத்தின் உண்மையான மதிப்பு 2.9289321881… என்று போகும். பத்து இலக்கம் மட்டும் வைத்துக்கொள்ளும் கருவியில் அதன் இரு பக்கமும் இருப்பவை 2.928932188, 2.928932189. இவற்றின் நடுவே வேறு எண்ணே அந்தக் கருவிக்குக் கிடையாது. நடுவெண்ணைக் கணக்கிட்டால் இரண்டில் ஏதாவது ஒன்றாகத்தான் அது முழுமையாக்கப்படும். இடைவெளி அதற்குமேல் சுருங்காது, நிரல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே ‘இடைவெளி 0.00001-ஐவிடச் சிறிதானால் நில்’ என்று உங்கள் தேவைக்கு ஏற்ற எல்லையைக் கொடுங்கள். அட்டையை வெட்டுகிறவருக்கு 2.93 செ.மீ. என்று தெரிந்தால் போதாதா?

தொடுகோட்டில் சறுக்குவது

வேகம் வேண்டுமென்றால் நியூட்டன் முறை. ஒரு ஊகத்தில் நின்றுகொண்டு, அந்த இடத்தில் வளைகோட்டுக்கு ஒரு தொடுகோடு போடுங்கள். அந்த நேர்கோடு அச்சை எங்கே வெட்டுகிறதோ அதுவே அடுத்த ஊகம். சூத்திரமாக எழுதினால்:

புதிய ய = ய − ச(ய) ÷ வகைக்கெழு

வகைக்கெழு என்பது அந்த இடத்தில் தொடுகோட்டின் சாய்வு. நமது சார்புக்கு அது 3ய² − 50ய + 150. ஊகத்தை 0-இல் தொடங்கினால் வரிசையாக 1.6667, 2.5309, 2.8658, 2.9269, 2.9289 என்று வரும். முதல் இரண்டு அடி தட்டுத்தடுமாறினாலும், பக்கத்தில் வந்தபின் சரியான இலக்கங்கள் ஏறத்தாழ ஒவ்வொரு அடியிலும் இரட்டிப்பாகும். நியூட்டன் 1669-இல் எடுத்துக்கொண்ட உதாரணம் ய³ − 2ய − 5 = 0. 2 என்று ஊகித்தார். ஒரே அடியில் 2.1, அடுத்து 2.0946. இன்று நாம் பயன்படுத்தும் வடிவத்துக்கு நெருங்கியதை ஜோசப் ராப்சன் 1690-இல் வெளியிட்டார். பாடநூல்களில் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்வது அதனால்தான்.

நிரல் வசதி இல்லாத சாதாரண அறிவியல் கால்குலேட்டரிலும் இதைச் செய்யலாம். தொடக்க ஊகத்தைத் தட்டிச் சமக்குறியை அழுத்துங்கள். பிறகு ய வரும் இடத்திலெல்லாம், கடைசி விடையைத் தரும் ‘ஆன்ஸ்’ விசையைப் போட்டு மேலேயுள்ள சூத்திரத்தை ஒரே வரியாகத் தட்டுங்கள். அதற்கப்புறம் சமக்குறியை மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தால் போதும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு அடி. திரையில் இலக்கங்கள் ஒவ்வொன்றாக அசையாமல் நிலைத்து நிற்பதைப் பார்க்கும் சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது, ஒருமுறை செய்து பாருங்கள்.

இப்போது அதே முறையில் 4-இலிருந்து தொடங்கிப் பாருங்கள். அட்டவணைப்படி 4-க்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் மூலங்கள் இருக்கின்றன. எதற்காவது சட்டென்று போய்விடும் என்றுதான் தோன்றும். ச(4) = 14. வகைக்கெழு 48 − 200 + 150, அதாவது −2. ஆக அடுத்த ஊகம் 4 + 7 = 11. பெட்டிக்கே சம்பந்தமில்லாத இடம், 20 செ.மீ. அகலத்தில் இரண்டு பக்கமும் 11 செ.மீ. எப்படி வெட்டுவது? அங்கே ச(11) = −294, வகைக்கெழு −37. அடுத்த ஊகம் 3.054. அதற்குப் பிறகு 2.919, பின் 2.9289. 4-இலிருந்து 5-இல் இருக்கும் மூலம் வரை ஒரு அடி தூரம்தான். ஆனால் அது 11 வரை ஓடிப்போய், திரும்பி வந்து, மறுபக்க மூலத்தில் உட்கார்ந்துவிட்டது. 4.5-இல் தொடங்கினால் 5.193, 5.0125 என்று ஒழுங்காக 5-க்குப் போகிறது.

காரணம் கடினமில்லை. 3.92-க்கு அருகில் வளைகோடு மேட்டின் உச்சியில் இருக்கிறது. அங்கே தொடுகோடு ஏறத்தாழப் படுத்துக்கிடக்கும். படுத்த கோடு அச்சை வெகுதூரத்தில்தான் போய் வெட்டும். கணக்கில் பார்த்தால், ஒரு சிறிய எண்ணால் வகுக்கிறோம். வகைக்கெழு பூஜ்யத்தை நெருங்கும் இடத்தில் நியூட்டன் முறையைத் தொடங்கக் கூடாது என்பதை மனப்பாடம் செய்வதைவிட, இந்த 4 → 11 தாவலை ஒருமுறை உங்கள் கையால் தட்டிப் பார்த்தால் மறக்காது.

வகைக்கெழு கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்தால் வெட்டுக்கோட்டு முறை இருக்கிறது. ஒரு புள்ளியில் தொடுகோடு போடுவதற்குப் பதில், கடைசி இரண்டு ஊகங்களையும் நேர்கோட்டால் இணைத்து, அது அச்சை வெட்டும் இடத்துக்குப் போவது. 2, 3 என்று தொடங்கினால் 2.9545, 2.9279, பிறகு 2.9289. நியூட்டனைவிடக் கொஞ்சம் மெதுவு. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் சார்பை ஒரே ஒரு தடவை கணக்கிட்டால் போதும், வகைக்கெழுவுக்கென்று தனி நிரலும் வேண்டாம். கையடக்கக் கருவிக்கு இது மிகவும் ஒத்துப்போகிறது.

ஒரே பொத்தானில் அடங்கிய தேடல்

1979-இல் வந்த எச்பி-34சி கால்குலேட்டரில் ‘சால்வ்’ என்று ஒரு விசையே இருந்தது. கையடக்கக் கருவியில் அப்படியொரு விசை அதுவே முதல். அதன் உள்ளே இருந்த முறைக்குப் பின்னால் இருந்தவர் பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கேஹன். கணினிகளில் புள்ளி வைத்த எண்களை (மிதவைப் புள்ளி எண்களை) கையாளும் முறைக்கு 1985-இல் வந்த பொதுத்தரத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு அவருடையது. சார்பைத் துணைநிரலாக எழுதி, இரண்டு ஊகங்களைக் கொடுத்து, விசையை அழுத்த வேண்டும். அடிப்படை வெட்டுக்கோட்டு முறைதான். ஆனால் வழியில் ஒரு குறிமாற்றம் அகப்பட்டால், அந்த இடைவெளியை அது கைவிடாது. வெட்டுக்கோட்டின் வேகமும் பாதியாக்குவதன் பத்திரமும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி.

அந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது, அது விடை சொல்லும் விதம். ஒரு எண்ணை மட்டும் நீட்டிவிட்டுப் போகாது. கிடைத்த மூலம், அதற்கு முந்தைய ஊகம், மூலத்தில் சார்பின் மதிப்பு என மூன்றையும் அடுக்கில் (எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கும் நினைவிடத்தில்) வைத்துவிடும். முந்தைய ஊகமும் மூலமும் ஒட்டியிருக்கின்றனவா, சார்பின் மதிப்பு உண்மையிலேயே பூஜ்யத்துக்கு அருகில் இருக்கிறதா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். இன்று மாணவர்கள் கையில் இருக்கும் கேசியோ எஃப்எக்ஸ்-991 வகைக் கருவிகளின் ‘சால்வ்’ விசை நியூட்டன் முறையில் இயங்குகிறது. அதிலும் விடைக்குக் கீழே ‘எல்−ஆர்’ என்று ஒரு வரி வரும்: இடதுபக்கம் கழித்தல் வலதுபக்கம். பலரும் அதைப் பார்ப்பதே இல்லை. அங்கே பூஜ்யமோ பூஜ்யத்துக்கு மிக நெருங்கிய எண்ணோ இல்லையென்றால், மேலே இருப்பது மூலமே அல்ல.

ஏமாறக்கூடிய இடங்கள்

குறிமாற்றம் இருந்தால் மூலம் இருக்கும் என்றேன். கோடு அறுபடாமல் இருந்தால் மட்டும்தான். 1 ÷ (ய − 3) என்ற சார்பு 2-இல் −1, 5-இல் 0.5. பாதியாக்கும் முறை அழகாக 3-ஐ நோக்கிப் போகும், ஆனால் அங்கே மூலம் இல்லை. கோடு ஒருபக்கம் பாதாளத்துக்கும் மறுபக்கம் வானத்துக்கும் போகிறது. சார்பின் மதிப்பைப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்: மூலத்தை நெருங்கினால் சுருங்க வேண்டியது, இங்கே பெருத்துக்கொண்டே போகும்.

(ய − 1)² இதற்கு நேர்மாறு. மூலம் இருக்கிறது, குறிமாற்றம் இல்லை. கோடு அச்சைத் தொட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறது. அட்டவணையில் குறி மாறாவிட்டாலும், மதிப்பு பூஜ்யத்தை நோக்கி இறங்கி மறுபடி ஏறினால் அந்த இடத்தை இன்னும் நெருக்கமாகத் துழாவிப் பார்க்க வேண்டும்.

இதைவிட நுட்பமானது ஒன்று. (ய − 1)³-ஐ விரித்து ய³ − 3ய² + 3ய − 1 என்று நிரலில் எழுதி, ய-க்கு 1.0001 கொடுங்கள். பத்து இலக்கம் மட்டும் வைத்துக் கணக்கிடும் கருவியில் 1.000300030 − 3.000600030 + 3.000300000 − 1 என்று வரும். கூட்டிப் பாருங்கள்: சுத்தமான பூஜ்யம். உண்மையான மதிப்பு 0.000000000001. 1, 3 போன்ற எண்களோடு சேர்ந்து அவ்வளவு சிறிய எண் தங்குவதற்குப் பத்து இலக்கத்தில் இடமில்லை. பெரிய எண்கள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டபோது காணாமல் போய்விட்டது. ஆக, கருவி 1.0001-ஐயும் மூலம் என்றே சொல்லும். பத்து இலக்கக் கருவி என்பதற்காக விடையிலும் பத்து இலக்கம் சரியாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது. பல மூலங்கள் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் மூன்று நான்கு இலக்கம்தான் மிஞ்சும்.

கோண அலகையும் மறந்துவிடாதீர்கள். ‘ய = கொசைன் ய’ என்பதற்கு ரேடியன் நிலையில் விடை 0.7390851332. கருவி டிகிரி நிலையில் இருந்தால் 0.99985 என்று வரும். இரண்டிலும் சரிபார்ப்புப் பூஜ்யம் காட்டும், ஏனென்றால் டிகிரி நிலையில் அது உண்மையிலேயே வேறொரு சமன்பாடு. இந்த ஒரு சமன்பாட்டுக்கு நிரல்கூட வேண்டாம்: ஏதாவது ஒரு எண்ணைத் தட்டி, கொசைன் விசையைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள், தானாக அங்கே போய் நிற்கும்.

சரி, பெட்டிக்குத் திரும்புவோம். மூன்று மூலங்கள்: 2.9289, 5, 17.0711. கடைசியை அட்டை ஏற்காது; 10 செ.மீ.க்கு மேல் வெட்டினால் அகலமே மிஞ்சாது. மற்ற இரண்டும் செல்லும். 5 செ.மீ. வெட்டினால் 20-க்கு 10 அடித்தளத்தில் 5 உயரமுள்ள பெட்டி; 2.93 வெட்டினால் அகலமான, தாழ்வான பெட்டி. இரண்டுமே ஒரு லிட்டர் கொள்ளும். எது வேண்டும் என்பது பெட்டியில் எதை வைக்கப்போகிறோம் என்பதைப் பொறுத்தது.

இப்போது கடைசி எண்ணை மட்டும் மாற்றி, 1100 கன செ.மீ. வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். 250-க்குப் பதில் 275 ஆகும், அவ்வளவுதான் மாற்றம். அட்டவணை போட்டால் 0 முதல் 10 வரை எல்லாமே குறை எண்கள், உச்சியான 3.92-இல்கூட பெட்டியின் கொள்ளளவு 1057-ஐத் தாண்டுவதில்லை. அந்த அட்டையில் அப்படி ஒரு பெட்டியே செய்ய முடியாது. ஆனால் 16, 18 என்று ஊகம் கொடுத்து ‘சால்வ்’ விசையை அழுத்தினால், கருவி 17.2 என்று ஒரு மூலத்தைக் கொடுக்கும். சரிபார்ப்பு வரியில் பூஜ்யமும் இருக்கும். அட்டையின் அகலம் 20 செ.மீ. என்பதை நாம் அதற்குச் சொல்லவே இல்லையே.